பாதாளக் கரண்டி

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் கிராமத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில் பாதாளக் கரண்டி இருக்கும். இந்தக் காலத்து வாசகர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்று சொல்லியாக வேண்டும். கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் எடுப்பதற்கான சாமான் அது. ஒரு இரும்பு வளையத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கித் துழாவினால் விழுந்த வாளி வரும். நம்முடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் போன வருஷம் தொலைந்த செம்பும் கூட வரும். அதை இரவல் கேட்டுப் போனால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு பித்தளைப் பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்து வர வேண்டும். என் தாயார் அதற்கென்றே ஒரு நசுங்கின சொம்பு வைத்திருந்தாள்.

வாளி விழுவதற்கு முன்னால் பாதாளக் கரண்டி வாங்கின மனிதரை நான் பார்த்ததில்லை. வாளி விழுந்து, அதை இரவல் கரண்டியால் எடுத்த பிறகு வாங்கினவரும் இல்லை. வாளிதான் வந்துவிட்டதே!

இந்த ஞாபகம் எனக்கு 2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி, பகல் பதினொன்றரை மணி வெயிலில், கீழ்க்கட்டளையில் என் தங்கையின் கடை வாசலில் வந்தது.

கீழ்க்கட்டளைவாசியை இலேசாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் பல்லாவரம், ஒரு பக்கம் மடிப்பாக்கம், இன்னொரு பக்கம் மேடவாக்கம் என்று மூன்று ஊர்களுக்கு நடுவில் ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவன் அவன். அந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். போக வேண்டும் என்பது சாஸ்திரம். போகாத வருஷங்களில் எங்கள் தெருவுக்கு வரும். ஆகையால் அவன் எதிலும் ஒன்றை மட்டும் நம்புகிறவன் அல்ல. குழாய்த் தண்ணீர் வராவிட்டால் லாரி, லாரியும் வராவிட்டால் ஆழ்துளைக் கிணறு, குடிக்கக் கேன். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர். பல்லாவரம் பஸ் வராவிட்டால் ஷேர் ஆட்டோ. முன்பு பல்லாவரம் நகராட்சி, 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி என்று ஊரின் விலாசத்துக்கே இரண்டு வைத்திருக்கிறான்.

இப்படிப்பட்ட ஊரில் என் தங்கையின் ஜீவனம் முழுவதும் ஒரே ஒரு கண்ணாடி இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

மேடவாக்கம் பிரதான சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் அவள் கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் யந்திரம், லேமினேஷன் செய்யும் பெட்டி, கைரேகை பதியும் சின்னக் கருவி ஒன்று. அவள் கணவர் காலமானபோது பையன் ஆறாவது வகுப்பு. இன்ஷூரன்ஸ் பணத்தில் கடை வைத்தாள். நான் எழுத்தாளன், தங்கைக்குக் கொடுத்து உதவ என்னிடம் யோசனைகள் மட்டுமே இருந்தன. நல்ல வேளையாக அவள் அவற்றைக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மனு, ஆதார் திருத்தம், பட்டா நகல், வருமானச் சான்றிதழ், ரயில் டிக்கெட், சின்னக் கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி. கணக்கு என்று எல்லாம் அங்கே நடக்கும். நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன்காரப் பெரியவர்கள் வருவார்கள், தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதைக் கட்டை விரலை வைத்து அரசாங்கத்துக்கு நிரூபிக்க. 2014-இல் வந்த இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயசானவர்களின் ரேகை தேய்ந்திருக்கும். என் தங்கை ஒவ்வொருவர் விரலையும் ஈரத்துணியால் துடைத்து, ஊதி, மறுபடி வைத்து, "இதோ, உயிரோட இருக்கீங்க!" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

போதாக்குறைக்கு என் கதைகளைத் தட்டெழுதி அனுப்புகிறவளும் அவள்தான். நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். பேனாவுக்கு மேல் எந்த யந்திரமும் பழகவில்லை. என் கையெழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், அதில் நான் ஒருவன் அல்ல என்று என் மனைவி சொல்லுவாள்.

ஏப்ரல் 28, தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள். ஏழாயிரத்துச் சொச்சம் வேலைக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்த பரீட்சை அது. நம் ஜனங்களுக்குக் கடைசி நாள் என்றால் ஒரு பக்தி உண்டு. காலை ஒன்பது மணிக்கே கடையில் ஏழெட்டுப் பேர். நான் ஓர் அத்தியாயத்தைக் கொடுக்கப் போனவன், கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றேன். பதினொன்றரைக்குச் சற்று முன்னால் பிரதான சாலைப் பக்கம் மண் தோண்டும் யந்திரத்தின் உறுமல் கேட்டது. அந்தச் சாலையில் தோண்டாத இலாகா கிடையாது. யார் தோண்டினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. உறுமல் நின்றது. கடைக்குள்ளே சுவரில் இருந்த பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணா, லைன் போயிடுச்சு" என்றாள் தங்கை.

2011-இல் ஜார்ஜியா தேசத்தில் எழுபத்தைந்து வயதுக் கிழவி ஒருத்தி, பழைய செப்புக் கம்பி கிடைக்காதா என்று மண்ணைக் கிளறியபோது ஒரு கேபிள் அறுந்து, அடுத்த தேசமான ஆர்மீனியாவில் பல மணி நேரத்துக்கு இன்டர்நெட் இல்லாமல் போய்விட்டது என்று பத்திரிகைகளில் வந்தது. நிருபர்கள் போய்க் கேட்டதற்கு, இன்டர்நெட் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்றாளாம் பாட்டி. ஒரு தேசத்துக்கே அந்தக் கதி என்றால் கீழ்க்கட்டளையில் ஒரு சந்துக்கு என்ன?

தங்கை பதறவில்லை. தன் செல்போனை எடுத்து, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுக்கப் பார்த்தாள். போனிலும் ஒன்றும் இல்லை. இழையும் போனும் ஒரே கம்பெனி. இரண்டையும் சேர்த்து வாங்கினால் மாதம் நூறு ரூபாய் குறைவு என்று சொல்லி விற்றிருந்தார்கள். நூறு ரூபாய் லாபத்தின் விலை எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் போனை எல்லாரும் பார்த்தார்கள். அது வேறு கம்பெனி. ஆனால் பொத்தான் போன். எழுத்தாளனுக்கு இது போதும் என்று பத்து வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்த போன். அதைச் சட்டைப் பைக்குள் மறுபடி போட்டுக்கொண்டபோது என் கௌரவமும் கூடவே உள்ளே போயிற்று.

எதிர் டீக்கடைப் பையன் புண்ணியவான். தன் போனைக் கொண்டுவந்து கொடுத்தான். அது இன்னொரு கம்பெனி, வேலை செய்தது. ஆனால் ஜெராக்ஸ் யந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு கோடு, வாசல் படியில் வைத்தால் மூன்று கோடு. படியில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் போனைப் பிரதிஷ்டை செய்தோம். நான் குடை பிடித்தேன். மூன்று பேருடைய விண்ணப்பம் போயிற்று. நாலாவது, கோவிலம்பாக்கத்திலிருந்து அப்பாவோடு வந்திருந்த ஒரு பெண். அப்பா சுமை தூக்குகிறவர் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணின் படத்தை ஏற்றி, கையெழுத்தை ஏற்றி, கட்டணம் கட்டும் பக்கம் வந்தபோது சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, நின்றது. பையனுடைய போனில் அன்றைய தினத்துக்கு உரிய டேட்டா தீர்ந்துபோய்விட்டது. அதற்குமேல் ஆமை வேகம்.

"பரவாயில்லைக்கா" என்றது அந்தப் பெண். "வேற எங்கேயாவது பாக்குறோம்."

என் தங்கை வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவும் பெண்ணும் வெயிலில் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனார்கள். சாயங்காலம் ஆறரை மணிக்குச் சிவப்பு விளக்கு பச்சையாயிற்று. அதற்குள் கடை காலி.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை என்று பையன் வந்து சொன்னான். போனேன். "அந்தப் பொண்ணு போட்டிருப்பாளா அண்ணா?" என்றாள். போட்டிருப்பாள் என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். நவம்பர் மாதத்து உயிர்ச் சான்றிதழ்க்காரர்களில் ஒருவர். விஷயத்தைக் கேள்விப்பட்டு மறுநாள் தாமாகவே வந்தார். கடையைப் பார்க்கவில்லை, நேரே தெருவில் இறங்கி, இழை வந்த வழியைக் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே பிரதான சாலை வரைக்கும் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம்.

"ஏம்மா, ரெண்டாவது லைன் போடணும்னு சொல்றியே, எந்த வழியா வரும்?" என்றார்.

"வேற கம்பெனியில கேட்டிருக்கேன் ஐயா. அவங்களும் இழைதான் தருவாங்களாம்."

"அதுவும் இதே கம்பத்துலதானே வரும்? அதோ, அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தானே வரணும்? ரெண்டு கயிறு கட்டியும் ரெண்டையும் ஒரே ஆணியில மாட்டினா என்னம்மா பிரயோஜனம்?"

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் பேசினதில்தான் எனக்கு இந்த விஷயமே புரிந்தது. பழைய செப்புக் கம்பி டெலிபோனில் மின்சாரமும் கூடவே வரும். எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பாட்டரி வைத்து நாற்பத்தெட்டு வோல்ட் அனுப்புவார்கள். ஊரே இருட்டில் கிடந்தாலும் டெலிபோன் மணி அடித்தது அதனால்தான். கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. ஆகையால் நம் வீட்டு மின்சாரம் போனால் நம் பெட்டி செத்துவிடும். இதைச் சொல்லும்போது, பழைய சமஸ்தானத்து திவான் ராஜாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவர் குரல் தழுதழுத்தது.

செல்போன் ஆகாயத்தில் வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி வழிதான் ஆகாயம். கோபுரத்திலிருந்து நம் கைக்கு வருவது ஆகாயம். கோபுரத்துக்கு வருவது பெரும்பாலும் பூமிக்குள் ஓடும் அதே கண்ணாடி இழை. ஒரு கம்பெனியின் இழையை யந்திரம் அறுத்தால் அந்தக் கம்பெனியின் கோபுரமும் சேர்ந்து ஊமையாகலாம். தங்கையின் போன் அன்றைக்குச் செத்தது அதனால்தானாம். ஆகவே ஆகாய வழி வேண்டும். அதுவும் வேறு கம்பெனியின் ஆகாயமாக இருக்க வேண்டும்.

மறு வாரம் நாங்கள் செய்த காரியத்தைப் பார்த்தவர்கள் எங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தெரிந்தவர்களிடமெல்லாம் போன் இரவல் வாங்கி, கம்பெனிக்கு ஒன்றாகக் கடைக்குள் மூலைக்கு மூலை வைத்து வேகம் பார்த்தோம். பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். கோடுகளை நம்பாதே என்பது அவருடைய முதல் உபதேசம். நாலு கோடு இருக்கும். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே வீட்டுக்கு வந்து சினிமாப் பார்க்க உட்கார்ந்ததும் வேகம் படுத்துவிடும். காலையில் முதலாக வந்த கம்பெனி ராத்திரியில் மூன்றாவதாக வந்தது. காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி நடந்துகொண்ட ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தோம். மனிதர்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்த முறை உதவலாம்.

பிறகு சிம் செருகும் ரௌட்டர் ஒன்று, சுமார் நாலாயிரத்தைந்நூறு ரூபாய்க்கு. இழை அதில் ஒரு துளையில் நுழையும். சிம் இன்னொரு துளையில். இழை இருக்கும் வரைக்கும் இழை. அது போனால் தானாகவே சிம்முக்கு மாறிக்கொள்ளும். மின்சாரம் போனாலும் ரௌட்டரையும் இழைப் பெட்டியையும் மூன்று மணி நேரம் தாங்குகிற, பன்னிரண்டு வோல்ட் தரும் சின்ன பாட்டரிப் பெட்டி ஒன்று. ரௌட்டரை ஜெராக்ஸ் பக்கம் வைக்காமல் வாசலுக்கு மேலே, ஷட்டர் சுருளுக்கு எட்டி, ஜன்னல் ஓரமாக ஒரு பலகை அடித்து வைத்தோம். ஷட்டர் இரும்பு, அதை இறக்கினால் ஆகாயம் உள்ளே வராது. எல்லாம் சேர்த்துத் தங்கைக்கு அரை மாத வருமானம் போயிற்று. என் தொடர்கதைப் பணம் வந்ததும் தருகிறேன் என்றேன். அது வந்தபோது வேறு செலவு வந்துவிட்டது. அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பரீட்சை பார்த்தோம். பையன் ரௌட்டரின் துளையிலிருந்து வயரைப் பிடுங்கினான். அரை நிமிஷத்தில் சிம்முக்கு மாறியது. கை தட்டினோம்.

"அங்கே பிடுங்காதே, தம்பி" என்றார் பெரியவர். "யந்திரக்காரன் வந்து உன் ரௌட்டர்லயா தோண்டப்போறான்? இங்கே பிடுங்கு." சுவர்ப் பெட்டிக்குள் நுழையும் மெல்லிய இழையைத் தாமே கழற்றினார். சிவப்பு விளக்கு எரிந்தது. காத்திருந்தோம். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். ரௌட்டர் அசையவில்லை.

காரணம் இது. இழை அறுந்தாலும் சுவர்ப் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறது; அதற்கும் ரௌட்டருக்கும் இடையிலுள்ள வயர் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரௌட்டர், 'எல்லாம் க்ஷேமம்' என்று சும்மா இருந்துவிடுகிறது. வாசலில் ஆள் நிற்கிறான், ஆகையால் ஊருக்குப் போகும் பாதை சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிற மாதிரி. அதன் அமைப்புகளில் தேடி, வெளியே தூரத்தில் இருக்கும் ஒரு விலாசத்தைச் சில விநாடிகளுக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பார்; பதில் வராவிட்டால் வழி மாறு என்று கட்டளை போட வேண்டும். பையன் இரவு பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தான். மறுபடி இழையைக் கழற்றினோம். நாற்பது எண்ணுவதற்குள் மாறிவிட்டது. அன்றைக்குப் பெரியவர் மட்டும் வராமல் இருந்திருந்தால், நாங்கள் கை தட்டிவிட்டு, அடுத்த பள்ளம் தோண்டும் வரைக்கும் ஏமாந்தே இருந்திருப்போம்.

இதோடு உபத்திரவம் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். முதல் தடவை இழை போனபோது கம்ப்யூட்டர் இரண்டும் அதுதான் சமயம் என்று தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்து, ஒரு நாள் டேட்டாவை முக்கால் மணியில் குடித்துத் தீர்த்தன. அதற்கு ஒரு கட்டுப்பாடு போட்டோம். வழி மாறும்போது வெளியுலகத்துக்கு நம் விலாசமும் மாறிவிடுவதால், பாதியில் நிற்கும் பாங்குப் பக்கம், 'நீ யார்?' என்று கேட்டு வெளியே தள்ளிவிடும். ஆகையால் பணம் கட்டும் பொத்தானை அமுக்குமுன் பலகையில் எந்த விளக்கு எரிகிறதென்று அண்ணாந்து பார்க்கும் வழக்கம் தங்கைக்கு வந்தது. வருகிறவர்கள் சுவாமி படம் இருப்பதாக எண்ணித் தாங்களும் கும்பிட்டார்கள்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை, சிம் செத்த கதை. செல்போன் கம்பெனிகளின் பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு இருபத்தெட்டு நாள். வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். முப்பது நாளுக்கும் ஒரு திட்டம் வைத்தாக வேண்டும் என்று 2022-இல் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது உண்மை. நாங்கள் வாங்கினது என்னவோ இருபத்தெட்டு நாள்தான். மூன்றாவது தவணை கட்ட மறந்துவிட்டோம். ஏன் ஞாபகமூட்டவில்லை என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டே பையன் ரௌட்டரின் உள்ளே போய்ப் பார்த்தான். அங்கே பத்தொன்பது கடிதங்கள்! 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் திட்டம் இன்னும் மூன்று நாளில் முடிகிறது', 'நாளை முடிகிறது', 'முடிந்துவிட்டது.' பாவம், எல்லாம் ரௌட்டருக்கு எழுதப்பட்டிருந்தன. அது படித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டது.

அதே 2022 ஜூலை 8-ஆம் தேதி கனடா தேசத்தில் ரோஜர்ஸ் என்னும் பெரிய கம்பெனியின் வலை முழுவதும் ஒரு நாள் படுத்துவிட்டது. உள்ளே ஏதோ மாற்றம் செய்யப் போய்த் தவறு நேர்ந்துவிட்டதாம். ஒரு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். செல்போனும் போயிற்று, வீட்டு இணைப்பும் போயிற்று, அவசர உதவிக்குக் கூப்பிடவும் பலரால் முடியவில்லை. இன்னொன்றைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த தேசத்துக் கடைகளில் அட்டை தேய்த்துப் பணம் கட்டும் இன்டராக் என்ற ஏற்பாடும் கூடவே நின்றுபோயிற்று. அது அந்த ஒரு கம்பெனியை நம்பியிருந்தது. அதற்கப்புறம்தான் இரண்டாவது கம்பெனி ஒன்றைச் சேர்த்துக்கொள்வதாக அவர்கள் அறிவித்தார்கள். பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையிடம் காட்டினேன். "அவங்களுக்கும் நூறு ரூபா குறைச்சிருப்பாங்களோ?" என்றாள்.

அந்த மாதத்திலேயே ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். "அக்கா, ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கணும்." தங்கை நிமிர்ந்து பார்த்தாள், எழுந்தே விட்டாள். கோவிலம்பாக்கத்துப் பெண்!

"எப்படி... எங்கேம்மா போட்டே அன்னிக்கு?"

பல்லாவரத்தில் இரண்டு கடை ஏறினார்களாம். ஒரே கூட்டம். ஏழு மணிக்கு வீட்டுக்குத் திரும்பி, சித்தப்பாவின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாளாம். கீழே வீட்டுக்குள் கோடே கிடையாது. படம் பெரிதாக இருக்கிறது என்று மூன்று தடவை தள்ளிவிட்டது. அப்பா தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் ஏணியில் நின்று கட்டை விரலால் தட்டினாளாம். பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. "இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சுக்கா" என்றாள், ஏதோ நிறைய நேரம் மிச்சம் வைத்தவள் மாதிரி.

தங்கை இரண்டு பிரதியாக அச்சடித்து, ஒன்றை லேமினேஷனும் போட்டாள். பணம் வேண்டாம் என்றாள். அந்தப் பெண் கேட்கவில்லை. பத்து ரூபாயை மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் போனாள். நான் பலகை மேலிருந்த ரௌட்டரைப் பார்த்தேன். நாலாயிரத்தைந்நூறு ரூபாய் யந்திரம், பாட்டரி, நோட்டுப் புத்தகத்தில் வேகக் கணக்கு. கோவிலம்பாக்கத்தில் ஒரு சுமை தூக்கி அவ்வளவையும் தன் கை நீளத்திலேயே வைத்திருந்திருக்கிறார்.

இந்த ஏற்பாடு எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளம் தோண்டுகிறவர்களிடமிருந்து இது எங்களைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரில் போன்கள் ஒவ்வொன்றாக ஊமையானதையும், அரசாங்கக் கம்பெனியான பி.எஸ்.என்.எல். ஒரு வாரம் இலவசமாகப் பேசலாம் என்று அறிவித்ததையும், அடுத்த வருஷமே டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் மரங்களோடு கம்பங்களும் கம்பிகளும் சாய்ந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். அதற்கும் இது ஈடு கொடுக்குமென்று நான் நம்பினேன். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிச்சாங் புயல் மழையில் அந்த நம்பிக்கை போயிற்று. மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் தண்ணீர். முதலில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பிறகு இழை போயிற்று. ரௌட்டர் தன் கடமையைச் செய்து சிம்முக்கு மாறியது. பாட்டரிப் பெட்டியும் சொன்னபடி தாங்கியது. ஆனால் கோபுரத்துக்கும் ஒரு பாட்டரிதானே? அதுவும் தீர்ந்தது. பல கம்பெனிகள் ஒரே கோபுரத்தில் வாடகைக்குக் குடியிருப்பதால் ஒரு கோபுரம் கண்ணை மூடினால் மூன்று கம்பெனி சேர்ந்து மூடிக்கொள்ளும். ராத்திரி எல்லா விளக்கும் சிவப்பு. முழங்கால் தண்ணீரில் கடைக்குப் போய் ரௌட்டரைக் கழற்றித் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான் பையன். மூன்று நாள் கடை இல்லை. அந்த மூன்று நாளும் யாருக்கும் ஜெராக்ஸ் வேண்டியிருக்கவில்லை. பாலும் மெழுகுவர்த்தியும்தான் வேண்டியிருந்தது.

பெரியவர் இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை விதித்தார்: மாதா மாதம் ஒன்றாம் தேதி, கடை திறந்ததும் இழையைப் பிடுங்கி நாற்பது எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவரே படத்தோடு பேசும் போனில் கூப்பிடுவார். "பிடுங்கினியாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி; க்ஷேமலாபமெல்லாம் அப்புறம்.

போன மாதம் தங்கை மறந்துபோய்விட்டாள். ஒன்றாம் தேதி காலை ஒன்பதரைக்கு அவர் கூப்பிட்டார். கடையின் இணைப்பில்தான் அவள் பேசிக்கொண்டிருந்தாள். "பிடுங்கினியாம்மா?" என்றார். பொய் சொல்லத் தெரியாதவள். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே மறு கையால் எட்டி இழையைக் கழற்றினாள். போனில் பெரியவரின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. நானும் அவளும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எண்ணுவதற்கு எங்களுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகம் அசைந்தது.

"நாப்பத்திரெண்டு" என்றார் பெரியவர்.